வள்ளலா? கடனாளியா?

ஆனைக்குட்டத்தில் அன்று விழா! பள்ளி முற்றத்திலே தோரணம், வாயிலிலே வண்ணத்தாள், மேசை மீது மாலை, ஒலிபெருக்கியிலே ஓயாத பாட்டு. யார் வருகிறார்? அமைச்சரா? அல்ல. ஆலை அதிபரா? அவருமல்ல. இதே பள்ளியிலே படித்து, கால்பந்தாட்டத் திறமையால் வேலை பெற்று, வெளியூர்க் குழுவொன்றில் ஊதியத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் வருகிறார். வெறுங்கையுடன் அல்ல, ஆறு பந்துகளும் இருபது இணைக் காலணிகளும் எடுத்துக்கொண்டு வருகிறார்.

வரவேற்புரை எழுதும் பொறுப்பு எனக்கு. இலக்கியம் படித்தவன் அல்லவா? எழுதித் தள்ளினேன்! வாரி வழங்கும் வள்ளல் என்றேன். பாரியின் பரம்பரை என்றேன். கைம்மாறு கருதாத கார்முகில் என்றேன். கைதட்டல் காதைப் பிளந்தது. மாணவர்கள் வரிசையில் வந்தனர், குனிந்தனர், கும்பிட்டனர், பெற்றுக்கொண்டனர். "வாங்கியதும் கும்பிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்" என்று முதல் நாளே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவனும் நானேதான்.

விழா முடிந்தது. தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அருகே வந்தான். பட்டாசு ஆலையிலே சரம் பின்னும் தாயின் மகன். அவன் கேட்டான்:

"ஐயா, பந்து வேண்டும் என்று நாம் இரண்டு முறை மனு எழுதிப் போட்டோமே, அந்தப் பந்து வந்திருந்தால் யாரைக் கும்பிட்டிருப்போம்?"

"யாரையும் கும்பிட வேண்டியதில்லை; அது உன் உரிமை" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பந்து ஒன்று, பெறும் பிள்ளையும் ஒருவனே. மனுவின் வழியே வந்தால் உரிமை. மனிதரின் வழியே வந்தால் தருமமா? முன்னதற்கு நிமிர்ந்து நிற்கலாம். பின்னதற்குக் குனிய வேண்டுமா? அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி, கல்லூரியிலே நான் கற்ற அறவியல் பாடம் முழுவதையும் நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்க வைத்துவிட்டது. அன்று முதல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணியதை உங்கள் முன் வைக்கிறேன், தோழர்களே!

*

ஆட்டக்காரன் தன் ஊருக்குக் கொடுக்கிறான். "கொடுக்கிறான்" என்ற சொல்லையே முதலில் ஆராய்வோம். அவனுடைய திறமை எங்கிருந்து வந்தது? கருவிலே உருவான திரு என்பர் சிலர். தலையெழுத்து என்பர் வேறு சிலர். தலையெழுத்து பந்து வாங்கித் தருமா? மைதானத்தின் முள்ளை அகற்றுமா? பயணச்சீட்டு எடுத்து ஊர்விட்டு ஊர் அனுப்புமா?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைப் பாருங்கள். நெசவுத் தொழிலாளி தந்தை. சாலையோரக் கடை நடத்திய தாய். அந்த வீட்டுப் பிள்ளை நடராசன். இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட் ஆடினார். செயப்பிரகாசு என்ற ஊர் அண்ணன் அவருடைய திறமையைக் கண்டார். வழி கேட்டு, வாய்ப்பு தேடி, சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2017-ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒருநாள், இருபது ஓவர், டெசுட்டு ஆகிய மூவகை ஆட்டங்களிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்டவர், பிரிசுபேன் திடலில் வெற்றி பெற்ற அணியோடு நின்றார்!

அந்த இளைஞர் என்ன செய்தார்? தம் அண்ணனுடைய பெயரின் முதலெழுத்துகளைச் சட்டையிலே பொறித்துக்கொண்டு ஆடினார். ஊரிலே பயிற்சிக்கூடம் அமைத்தார். அதே ஊரிலிருந்து பெரியசாமி என்ற வேகப்பந்து வீச்சாளர் 2019-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்களில் புகழ் பெற்றார். 2023 சூன் திங்களில் சின்னப்பம்பட்டியிலேயே நடராசன் கட்டிய கிரிக்கெட் மைதானத்தைத் தினேசு கார்த்திக் திறந்து வைத்தார்.

இதற்குப் பெயர் என்ன? தருமமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தருமம் என்றால், கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்றாகும். இங்கே நடந்தது வேறு. ஓர் ஊர் ஒருவரிடம் முதலீடு செய்தது. அவர் அதை வட்டியும் முதலுமாகத் திருப்பினார். அந்தச் சட்டையிலிருந்த எழுத்துகள் விளம்பரமல்ல, கடன்பத்திரம்! பிரிசுபேனில் இருந்தபோதும் அவர் அந்தக் கணக்கை மறக்கவில்லை என்பதே அவருடைய பெருமை.

வியாசர்பாடியிலும் இதுவே கதை. வடசென்னையின் அந்தப் பகுதியைப் பற்றிச் செய்தித்தாள்கள் நெடுங்காலம் குற்றச் செய்திகளையே எழுதின. அங்கே பந்தாடிய இளைஞர்கள் சிலரே தம் பகுதிப் பிள்ளைகளைத் திரட்டி, மாலை நேரத்தில் பந்தும் பாடமும் சேர்த்துக் கற்பித்தனர். வியாசர்பாடித் தெருக்களில் பந்தாடி வளர்ந்த தனபால் கணேசு, இந்திய அணியின் சட்டையை அணிந்தார். தெரு வளர்த்த பிள்ளை திடலுக்குப் போனான். திடல் கண்ட பிள்ளைகள் தெருவுக்குத் திரும்பினார்கள்.

*

"பணம் மிஞ்சியவன் கொடுக்கிறான், அதிலென்ன பெருமை?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைக் காட்டுவேன்.

செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராசன். 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரால் அந்தப் பதக்கத்தைப் பறித்தனர். ஊரறிய, உலகறிய ஒரு பெண்ணை நாணச் செய்தனர். அப்போது தமிழ்நாடு அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபாய் அளித்தது. பதக்கம் போயிற்று; வருங்காலம் இருண்டது; கையிலிருந்தது அந்தத் தொகை ஒன்றே. அதைப் பூட்டி வைத்திருந்தால் யார் குறை சொல்வர்? அவரோ ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கும் கூடம் நடத்தினார்! பின்னர், 2012-இல் அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்ற செய்தி வந்து நாட்டையே தலைகுனிய வைத்தது. அதன் பிறகே பயிற்சியாளர் படிப்பும் அரசுப் பணியும் அவருக்கு வாய்த்தன.

இங்கே யார் யாருக்குக் கடன்பட்டவர்? ஊர் அவருக்குக் கொடுத்தது கொஞ்சம். உலகம் அவரிடமிருந்து பறித்ததோ ஏராளம். ஆனாலும் அவர் கொடுத்தார். மிஞ்சியதால் கொடுத்தாரா? இல்லை. ஓடத் தெரிந்தும் ஓட வழியில்லாத பிள்ளையின் ஏக்கத்தை அவர் அறிவார். அந்த அறிவே கொடுக்க வைத்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் வாரிக் டன் என்பவரின் தாய் காவல்துறையில் பணியாற்றியவர். தனியொருத்தியாக ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். சொந்த வீடு கனவாகவே இருக்க, 1993-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மகன் 1997 முதல், தனியே பிள்ளை வளர்க்கும் பெற்றோர் சொந்த வீடு பெற உதவி வருகிறார். தாய்க்குத் தர முடியாததைத் தாய் போன்றோர்க்குத் தருகிறார். இதையும் ஈகை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

வள்ளுவர் இந்த வேறுபாட்டை என்றோ கண்டுவிட்டார். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னரே 'ஒப்புரவறிதல்' என்று தனியோர் அதிகாரம் வைத்தார். ஈகை என்பது வறியவனுக்கு இரங்கித் தருவது. ஒப்புரவு என்பது, சேர்ந்து வாழும் உலகின் நடைமுறை அறிந்து, அதற்கேற்ப நடப்பது. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு அவர் காட்டும் உவமை ஊரார் நீருண்ணும் குளம். எங்கள் ஊர் அணையில் நீர் நிறைந்தால் விருதுநகர்க்காரர்கள் குடிக்கிறார்கள். அவர்களில் யாராவது அணையைக் கும்பிட்டுவிட்டா குடத்தைச் சாய்க்கிறார்கள்? நீருக்கு மதிப்பு உண்டு, நன்றியும் உண்டு, குனிதல் மட்டும் இல்லை.

*

இனி, மறுபக்கம் பார்ப்போம். கொடை என்ற பெயர் தாங்கி வருவன எல்லாம் ஒப்புரவு ஆகிவிடுமா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துக் குழுக்களில், ஆட்டக்காரர்களுடன் சியர்லீடர்கள் எனப்படும் ஆடல் மகளிர் உண்டு. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது நம் நாட்டுத் திடல்களிலும் அவர்களைக் கண்டோம். அந்நாட்டில் அம்மகளிர் மருத்துவமனைக்குச் செல்வர்; நோயுற்ற குழந்தைகளோடு சிரிப்பர்; நன்கொடை திரட்டும் விழாக்களில் நிற்பர். குழுவின் பெயர் மறுநாள் ஏடுகளில் மணக்கும்: "எங்கள் குழு சமூகத்துக்குத் திருப்பித் தருகிறது!"

2014-ஆம் ஆண்டு ஓக்லாந்து ரெய்டர்சு குழுவின் ஆடல் மகளிர் நீதிமன்றம் ஏறினர். அப்போதுதான் கணக்கு வெளிவந்தது. ஓர் ஆட்டத்துக்கு 125 டாலர். பருவம் முழுவதற்கும் 1,250 டாலர்! ஒத்திகைக்குக் கூலி இல்லை. அறவிழாக்களில் நின்ற நேரத்துக்கும் கூலி இல்லை. கோடி கோடியாய்க் குவிக்கும் குழு, குறைந்தபட்சக் கூலியும் கொடாமல், அந்தப் பெண்களின் உழைப்பை எடுத்துத் தன் பெயரில் தருமம் செய்தது! வழக்கு அதே ஆண்டில் 12 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. பஃபலோ நகரத்துக் குழுவின் மகளிரும் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தனர். அங்கே ஆடல் குழுவையே நிறுத்திவிட்டனர். 2015-இல் கலிபோர்னியா மாநிலம், இம்மகளிரும் ஊதியத் தொழிலாளரே எனச் சட்டம் இயற்றியது.

அப்பெண்கள் குழந்தைகளிடம் காட்டிய அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்புக்கு உரியவர் யார் என்பதே கேள்வி. கொடுத்தவர் பெண்கள், பெயர் பெற்றது குழு. பிறர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு செய்யும் அறம், அறமாகுமா? அடுத்த வீட்டு ஆட்டை அறுத்து ஊருக்கு விருந்து வைப்பவனை வள்ளல் என்போமா?

ஓக்லாந்து வெகு தொலைவு என்று எண்ணாதீர்கள், தோழர்களே! எங்கள் பகுதிக் கோயில்களிலே குழல் விளக்குகள் உண்டு. அவற்றின் மீது "உபயம்" என்ற சொல்லும், அதன்கீழ் வள்ளலின் பெயரும், ஊரும், தொழிலும் எழுதப்பட்டிருக்கும். எழுத்து மிகுந்து ஒளி குறைந்து, விளக்கு தன்னையே காட்டிக்கொள்ளத் திணறும். கந்தகம் கலந்த காற்றிலே வேலை செய்து கை வெந்தவர்கள், அதே விளக்கின் கீழ் நின்று கும்பிடுகிறார்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாள். அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. அதன் பின்னும் ஆண்டு தவறாமல் இப்பகுதியில் ஏதேனும் ஓர் ஆலையில் இழவு விழுகிறது. நன்கொடை வழங்கும் நல்லவர்களை நான் பழிக்கவில்லை. கேட்பது ஒன்றே: கோபுரத்துக்குக் கொடுக்குமுன், கொட்டகைக்குக் காப்பு கொடுத்தாயிற்றா? பள்ளிக்கு மணி வாங்கித் தருமுன், அப்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முழுக் கூலி தந்தாயிற்றா? கடனை அடைக்காதவன் காணிக்கை செலுத்தினால், அது காணிக்கையாகாது. கடன்காரனின் கண்ணை மறைக்கும் திரையாகும்.

*

ஆட்டக்காரர் எவ்வளவுதான் உண்மையுள்ளவராக இருந்தாலும், கொடைக்கு ஓர் எல்லை உண்டு. சின்னப்பம்பட்டிக்கு ஒரு நடராசன் கிடைத்தார். தமிழ்நாட்டிலே பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. நடராசன் பிறக்காத ஊர்ப் பிள்ளைகள் எங்கே ஆடுவது? நல்ல மனிதன் பிறந்தால்தான் நமக்குப் பந்து என்றால், அதுவும் தலையெழுத்து வாதமே அன்றோ?

இந்த இடத்தில் மார்கசு ராசுபோர்டு என்ற இங்கிலாந்துக் கால்பந்து வீரரை எண்ணிப் பார்க்கிறேன். மான்செசுடர் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் இலவச உணவு உண்டு வளர்ந்தவர். 2020-இல் கொரோனாக் கொடுமையிலே பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பசித்த பிள்ளைகளின் உணவுக்கு நிதி திரட்டினார். அதோடு நின்றிருந்தால் அவரும் வள்ளல், வாழ்த்திவிட்டுப் போயிருப்போம். அவர் நிற்கவில்லை. கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு உணவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வெளிப்படையான கடிதம் எழுதினார். மறுத்து வந்த அரசு, மறுநாளே இணங்கியது. சுமார் 13 இலட்சம் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. அவருக்கு அப்போது வயது 22! தம் பையைத் திறந்ததைவிட, அரசின் பையைத் திறக்க வைத்ததே அவர் செய்த பெருஞ்செயல்.

இப்பாடத்தை இங்கிலாந்திடமிருந்தா நாம் கற்க வேண்டும்? 1920-இல், நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சியை நடத்திய நாளில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தொடங்கப்பட்டது. எங்கள் விருதுநகரில் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பகலுணவை மாநிலமெங்கும் பரப்பினார். ஊர்மக்களின் நன்கொடையும் சேர்ந்தே அன்று அடுப்பு எரிந்தது. 1982-இல் எம்.சி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. ஒரு பிடி அரிசி கொடுத்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. தட்டேந்தும் பிள்ளை யாரையும் கும்பிடுவதில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று நிமிர்ந்து கேட்கிறது. கொடை தன்னை மறைத்துக்கொண்டு உரிமையாக உருமாறிய வரலாறு அது! கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சிலை எங்கே வைக்க முடியும்?

ஆகவே, கொடை கண்டவிடத்தெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். கொடுக்கும் பொருள், எவருடைய கூலியையும் பிடித்து வைத்ததாக இல்லாமல் இருக்கிறதா? பெறுபவன் நிமிர்ந்து நின்றே பெற முடிகிறதா? இன்று கொடுப்பதனால் நாளை கேட்க வேண்டிய தேவை குறைகிறதா? முதற்கேள்வியில் ஓக்லாந்துக் குழு தோற்றது. இரண்டாவதில் தோற்றது ஆனைக்குட்டத்து விழா, தோற்கடித்தவன் நான். மூன்றாவதுதான் கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் கடினமானது.

"இப்படிக் கேள்வி கேட்டால் கொடுக்கிற ஒருவனும் கொடாமல் போய்விடுவானே, பந்தில்லாத பிள்ளைக்கு உன் தத்துவமா பந்தாகும்?" என்று ஒரு முதிய ஆசிரியர் என்னைக் கேட்டார். நியாயமான அச்சம். நாளைய உரிமையைக் காட்டி இன்றைய பந்தை மறுப்பது அறிவுடைமையன்று. வருகிற பந்தை வாங்குவோம். வாயார நன்றியும் சொல்வோம். நன்றி சமமானவர்களுக்கிடையே நடப்பது, கும்பிடு அப்படியன்று. கேள்வி கேட்டதால் நின்றுபோகும் கொடை, கும்பிடுக்காக வந்த கொடை. கடனுணர்ந்து கொடுப்பவனோ, கேள்வியைக் கேட்டு மகிழ்வான்.

வெறும் நம்பிக்கையல்ல இது. அச்சிறுவனின் கேள்வியை, பந்து தந்த இளைஞருக்கே எழுதி அனுப்பினேன். நான் வழங்கிய பாரிப் பட்டத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினேன். பதில் வந்தது: "மாலை போட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது, ஐயா. இதே மைதானத்தில் வெறுங்காலோடு ஆடியவன் நான். மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் தம் காலணியைக் கழற்றிக் கொடுத்தார். நான் அவரைக் கும்பிடவில்லை. 'கிழித்துவிடாதே, அடுத்தவனுக்கு வேண்டும்' என்று மட்டும்தான் அவர் சொன்னார். மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்."

மூன்றாவது மனு எழுதியாகிவிட்டது. பந்து கேட்டு அல்ல, மைதானம் கேட்டு. முதற் கையெழுத்து அவருடையது, அடுத்தடுத்து ஊராருடையவை. சரம் பின்னும் தாயொருத்தியின் கைந்நாட்டும் அதில் இருக்கிறது. அடுத்த முறை அவர் வரும்போது தோரணம் கிடையாது, மாலை கிடையாது, வரவேற்புரையும் கிடையாது. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவரும் காலணியை மாட்டிக்கொண்டு திடலில் இறங்க வேண்டியதுதான்!